தோட்டத்திலும் வயல்வெளியிலும் குறைந்துவரும் பூச்சிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்கை மொய்த்த விட்டில்களையும், மழை ஓய்ந்த மாலையில் புல்வெளிக்கு மேலே தாழப் பறந்த தட்டான்களையும் இப்போது அவ்வளவாகக் காண முடிவதில்லை என்று பலரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் அடுத்தடுத்துக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு உறுதியாகத் தரக்கூடிய விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

முன்பு நிறையப் பூச்சிகள் இருந்ததாகத் தோன்றுவது உண்மையா, வெறும் நினைப்பா?

இரண்டுக்கும் இடம் உண்டு. சிறு வயதில் நாம் மண்ணுக்கு அருகில் இருந்தோம். ஒரு வண்டின் பின்னால் அரை மணி நேரம் போவதற்கு நமக்குப் பொழுது இருந்தது. அந்த நினைவில் பூச்சிகள் கூடுதலாகத் தெரிவது இயல்பே. ஆனால் நினைவு எதிர்த்திசையிலும் ஏமாற்றும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. குறைவு மெல்ல மெல்ல நிகழும்போது ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையில் கண்ட நிலையையே இயல்பான நிலை என்று எடுத்துக்கொள்கிறது; அதற்கு முன்பு எவ்வளவு இருந்தது என்பது அதற்குத் தெரியாமலே போகிறது. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் கடல் மீன்களைப் பற்றி இதைச் சுட்டிக்காட்டினார். பூச்சிகளுக்கும் அது அப்படியே பொருந்தும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இருக்கும் பூச்சி பறந்து வந்து கண்ணில் படும். இல்லாத பூச்சி எதையும் செய்யாது. ஆகவே குறைவை உணர்வதற்கே ஒருவர் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நினைவை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது, ஆனால் அதைத் தள்ளிவிடவும் கூடாது என்பதே என் கருத்து. பல ஊர்களில் பலருக்கும் ஒரே எண்ணம் எழுந்தபோது, அளந்து பார்த்தவர்கள் அது பெரும்பாலும் சரி என்றே கண்டார்கள்.

அளந்தறிந்த சான்று என்ன இருக்கிறது?

உலகத்தின் கவனத்தைத் திருப்பியது ஜெர்மனியில் கிரேஃபெல்ட் நகரப் பூச்சியியல் சங்கத்தின் பதிவுகள். 1905இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் சம்பளம் வாங்காமல் ஆர்வத்தால் வேலை செய்பவர்களே மிகுதி. அவர்கள் 1989 முதல் 2016 வரை 63 பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் ஒரே வகையான வலைக்கூடாரத்தை ஒரே முறையில் கட்டி, அதில் சேர்ந்த பறக்கும் பூச்சிகளை எடை போட்டு வந்தார்கள். 2017 அக்டோபரில் வெளியான ஆய்வு, அந்த 27 ஆண்டுகளில் மொத்த எடை 76 விழுக்காடும், கோடையின் நடுப்பகுதியில் 82 விழுக்காடும் குறைந்ததாகக் காட்டியது. இவை தொழிற்சாலையை ஒட்டிய நிலங்கள் அல்ல, பாதுகாப்பதற்கென்றே ஒதுக்கப்பட்ட இடங்கள் என்பதுதான் படித்தவர்களைத் திடுக்கிடச் செய்தது.

அந்த வலைக்கூடாரத்துக்கு மலேஸ் பொறி என்று பெயர். ரெனே மலேஸ் என்ற சுவீடன் நாட்டுப் பூச்சியியலாளர், தாம் தங்கியிருந்த கூடாரத்துக்குள் நுழையும் பூச்சிகள் வெளியேற வழி தேடி மேல் மூலைக்கே ஏறுவதைக் கவனித்து, அந்த மூலையில் ஒரு குப்பியை வைத்தால் போதும் என்று கண்டுகொண்டார். இந்தத் துறையின் மிகப் பயனுள்ள கருவி, ஒருவர் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததில் பிறந்தது.

அதே ஜெர்மனியில் 2008 முதல் 2017 வரை ஆண்டுதோறும் ஆராயப்பட்ட புல்வெளிகளில் பூச்சிகள் முதலான கணுக்காலிகளின் எடை 67 விழுக்காடு குறைந்தது. இனங்களின் எண்ணிக்கையே மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பிரிட்டனில் 1968 முதல் 2017 வரை விளக்குப் பொறிகளில் சிக்கிய பெரிய அந்துப்பூச்சிகள் 33 விழுக்காடு குறைந்தன. அமெரிக்காவில் 2000 முதல் 2020 வரை பட்டாம்பூச்சிகளின் எண்ணிக்கை 22 விழுக்காடு குறைந்ததாக 2025இல் வெளியான பெரிய தொகுப்பு கூறுகிறது.

அப்படியானால் எல்லா இடங்களிலும் எல்லாப் பூச்சிகளும் அழிந்துகொண்டிருக்கின்றனவா?

இல்லை. இதைச் சொல்லத் தயங்கக் கூடாது, ஏனென்றால் மிகைப்படுத்தினால் உண்மையான குறைவையும் யாரும் நம்ப மாட்டார்கள். உலகெங்கும் 1,676 இடங்களில் நடந்த 166 நீண்டகாலக் கணக்கெடுப்புகளை ஒன்றுசேர்த்து 2020இல் வெளியான ஆய்வில், நிலத்தில் வாழும் பூச்சிகள் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 9 விழுக்காடு குறைவதும், நன்னீரில் வளரும் பூச்சிகள் ஏறத்தாழ 11 விழுக்காடு கூடுவதும் தெரிந்தன. ஆறுகளிலும் ஏரிகளிலும் கழிவு கலப்பதைத் தடுக்கச் சட்டங்கள் வந்த நாடுகளில் நீர் தெளிந்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். கெடுத்ததைச் சரிசெய்தால் பூச்சிகள் திரும்பி வரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று இது.

மறக்கக் கூடாத குறை ஒன்று உண்டு. இந்தப் பதிவுகளில் பெரும்பகுதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டது. பூச்சி இனங்கள் மிகுதியாக வாழும் வெப்பமண்டல நாடுகளில் இவ்வளவு நீண்ட பதிவுகள் மிகக் குறைவு. இதுவரை பெயரிடப்பட்ட பூச்சி இனங்களே சுமார் பத்து லட்சம். பெயரிடப்படாதவை அதைப்போலப் பல மடங்கு இருக்கும்.

நெடும்பயணம் போனாலும் காரின் முன்கண்ணாடியில் பூச்சி ஒட்டுவதில்லை. கார்களின் வடிவம் மாறியதுதான் காரணமா?

டென்மார்க்கில் ஓர் ஆய்வாளர் 1997 முதல் 2017 வரை ஒரே சாலைகளில் வண்டி ஓட்டி, கண்ணாடியில் மோதிய பூச்சிகளை எண்ணினார். ஒரு சாலையில் 80 விழுக்காடும் இன்னொன்றில் 97 விழுக்காடும் குறைந்திருந்தன. பிரிட்டனில் வண்டி எண் பலகையில் ஒட்டிய பூச்சிகளைப் பொதுமக்கள் எண்ணியபோது 2004க்கும் 2021க்கும் இடையே ஏறத்தாழ 59 விழுக்காடு குறைவு தெரிந்தது. கார்களின் வடிவம் பற்றிய ஐயத்தையும் அங்கே சோதித்தார்கள். பழங்காலக் கார்களையும் புதிய கார்களையும் ஓட்டிப் பார்த்ததில், புதிய கார்களில்தான் சற்று அதிகமாகப் பூச்சிகள் மோதின. ஆகவே அந்த விளக்கம் நிற்கவில்லை.

கொசுவும் கரப்பானும் குறையவே இல்லையே?

நியாயமான கேள்வி, விடையும் அதற்குள்ளேயே இருக்கிறது. கொசுவுக்குத் தேவையானது ஒரு மூடியளவு தேங்கிய நீரும் பத்து நாள் அவகாசமும்தான். நாம் அதை எங்கும் வழங்குகிறோம். ஆனால் கொசுப்புழுவைத் தின்னும் தட்டானின் இளம்பருவத்துக்கு வற்றாத நீர்நிலையும், இனத்தைப் பொறுத்துச் சில வாரங்கள் முதல் சில ஆண்டுகள் வரை கலங்காத வாழ்வும் தேவை. மருந்து தெளிக்கும்போது வேகமாகப் பெருகும் கொசு சில தலைமுறைகளில் எதிர்ப்புத் திறன் பெற்றுவிடுகிறது. மெதுவாகப் பெருகும் தட்டானால் அந்த இழப்பை ஈடுகட்ட முடிவதில்லை. மனிதனோடு ஒட்டி வாழப் பழகிய சில இனங்கள் தழைப்பதும் மற்றவை மறைவதும் ஒரே மாற்றத்தின் இரு விளைவுகள்.

குறைவதற்குக் காரணம் என்ன?

ஒற்றைக் காரணத்தைக் கேட்பவர்களுக்கு இந்த விடை நிறைவு தராது. பல காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. ஒன்றைத் தாங்கிய பூச்சி அடுத்ததில் விழுகிறது.

முதலில் இருப்பிடம். வரப்போரப் புதர், வேலி, குட்டை, தரிசுத் துண்டு என்று பயனற்றவையாக நாம் கருதும் இடங்களே பூச்சிகளின் வீடுகள். நிலத்தை நெடுக ஒரே பயிராக்கும்போது, அந்தப் பயிர் பூக்கும் இரண்டு வாரம் தவிர மற்ற நாளெல்லாம் தேன் உண்ணும் பூச்சிகளுக்கு அது பாலைவனம். செயற்கை உரம் மிகும்போது ஓங்கி வளரும் சில புற்கள் மற்றப் பூச்செடிகளை அமுக்கிவிடுகின்றன. செடி போனால் அதையே நம்பிய புழுவும் போகிறது.

அடுத்தது பூச்சிக்கொல்லி. நியோனிகோடினாய்டு வகை மருந்துகளை விதையிலேயே பூசி விதைப்பது பெருவழக்கமாகியிருக்கிறது. பூசியதில் சுமார் 5 விழுக்காடே பயிருக்குள் ஏறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி மண்ணிலும் நீரிலும் தங்குகிறது. பயிருக்குள் ஏறியதோ இலை, மகரந்தம், தேன் எல்லாவற்றிலும் பரவுகிறது. பூச்சி உடனே சாகாவிட்டாலும், கூட்டுக்குத் திரும்பும் வழியைத் தேனீ மறந்தால் அதன் கூட்டத்துக்கு அதுவும் சாவுதான். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது. கால்நடைகளுக்குக் கொடுக்கும் சில குடற்புழு மருந்துகளும் சாணத்தில் வெளியேறிச் சாண வண்டுகளின் புழுக்களைக் கொல்கின்றன.

இரவு வெளிச்சம் மூன்றாவது. தெருவிளக்கு வைத்த புதர்வேலிகளில் அந்துப்பூச்சிப் புழுக்கள் 47 விழுக்காடு குறைவாக இருந்ததை இங்கிலாந்தில் 2021இல் வெளியான ஆய்வு கண்டது. வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் பாதிப்பு கூடுதல். சுவிட்சர்லாந்தில் விளக்கு வைத்த புல்வெளிகளில் இரவுப் பூச்சிகள் பூக்களுக்கு வருவது 62 விழுக்காடு குறைந்தது. அங்கே ஆராயப்பட்ட ஒரு செடி 13 விழுக்காடு குறைவாகக் காய்த்தது. பகலில் தேனீக்கள் வந்தும் அந்த இழப்பு ஈடாகவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாகப் பருவநிலை மாற்றம். பூ ஒரு வாரத்திலும் பூச்சி வேறொரு வாரத்திலும் வெளிவந்தால் இரண்டுக்கும் நட்டம்.

மின்மினிகள் ஏன் முதலில் மறைகின்றன?

மின்மினிக்குத் தன் ஒளியே பேச்சு. பறக்கும் ஆண் விட்டு விட்டு ஒளிர்கிறது. புல்லில் அமர்ந்திருக்கும் பெண் தன் இனத்துக்கு உரிய இடைவெளியில் விடை சொல்கிறது. முகப்பு விளக்கு இரவெல்லாம் எரிந்தால் அந்த விடை தெரிவதில்லை; இணை சேராமலே வாழ்நாள் முடிகிறது. பல இனங்களின் புழுக்கள் ஈரமண்ணில் நத்தைகளைத் தின்று ஓராண்டு, ஈராண்டு வளர்கின்றன. மண் உலர்ந்தாலோ மருந்து இறங்கினாலோ அந்தத் தலைமுறை அங்கேயே முடிந்துவிடும். வெளியேறி வேறிடம் போவதும் எளிதல்ல, ஏனென்றால் சில இனங்களில் பெண்ணுக்குச் சிறகே இல்லை.

பூச்சி குறைந்தால் நமக்கு என்ன இழப்பு?

உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று, சிறிதளவேனும் விலங்குகளின் மகரந்தச் சேர்க்கையை நம்பியிருக்கின்றன. அந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவை பூச்சிகள். பூச்சி தின்னும் பறவைகள் ஆண்டுக்கு 40 முதல் 50 கோடி டன் பூச்சிகளையும் சிலந்திகளையும் உண்கின்றன. வட அமெரிக்காவில் கைப்பிடி அளவே உள்ள ஒரு பறவை, ஒரே ஈட்டுக் குஞ்சுகளை வளர்க்க 6,000 முதல் 9,000 புழுக்களைக் கொண்டுவருகிறது. புழு இல்லாத தோட்டத்தில் தானியம் இறைத்தாலும் அந்தக் கூடு தழைக்காது.

உரிய பூச்சி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆஸ்திரேலியா நேரில் கண்டது. அங்கே மாடுகள் 1788இல் கொண்டுவரப்பட்டன. கங்காருவின் சிறிய புழுக்கைக்குப் பழகிய உள்நாட்டு வண்டுகளால் மாட்டுச் சாணத்தைக் கையாள முடியவில்லை. சாணம் மக்காமல் மேய்ச்சல் நிலத்தை மூடியது. அதில் ஈக்கள் பெருகின. 1960களில் தொடங்கி நாற்பதுக்கும் மேற்பட்ட சாண வண்டு இனங்களை வெளிநாடுகளிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகே நிலைமை சீரடையத் தொடங்கியது.

தோட்டம் நிறையப் பூ இருந்தும் பட்டாம்பூச்சி வருவதில்லை. ஏன்?

தேன் இருந்தால் போதும் என்று நாம் நினைக்கிறோம். பட்டாம்பூச்சி தேடுவது முட்டையிட இடம். ஒவ்வோர் இனத்தின் புழுவும் சில குறிப்பிட்ட செடிகளின் இலையை மட்டுமே தின்னும். மற்றச் செடிகள் எத்தனை பூத்தாலும் அதற்கு உணவல்ல.

ஓர் எலுமிச்சைச் செடி இருந்தால், கொழுந்துக்கு அடுத்த இலைகளை நிதானமாகப் பாருங்கள். இலையின் நடுவே பறவை எச்சம் விழுந்ததைப்போலப் பழுப்பும் வெள்ளையுமாக ஈரப்பளபளப்போடு ஒன்று கிடக்கும். விரலால் துடைக்கப் போனால் அது நகரும். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவை போன்ற ஓர் உறுப்பை நீட்டும். கூர்மையான நாற்றம் அடிக்கும். அதுதான் வால்பட்டாம்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த புழு. நான்கு முறை தோலுரித்தபின் எச்ச வேடத்தைக் கலைத்துவிட்டு இலையோடு இலையாகப் பச்சை நிறம் கொள்ளும். செடி வைத்திருப்பவர் பெரும்பாலும் அதைக் கண்டதும் நசுக்குகிறார். பிறகு பட்டாம்பூச்சி வருவதில்லை என்று வருந்துகிறார். கடித்த இலை சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கும். மிகச் சிறிய கன்றாக இருந்தால் மட்டும் ஒன்றிரண்டு புழுக்களை வேறு எலுமிச்சைச் செடிக்கு மாற்றுங்கள்.

வேறு இரு காரணங்களும் இருக்கலாம். அடுக்கடுக்காக இதழ் விரியும் ஒட்டுரகப் பூக்கள் பலவற்றில் தேனும் மகரந்தமும் இல்லை, இருந்தாலும் எட்டுவதில்லை. நர்சரியில் வாங்கிய செடிக்கு ஊடுருவிப் பாயும் மருந்து ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கலாம். வாங்கும்போது கேட்பது நல்லது.

தேனீப் பெட்டி வைத்தால் போதுமா?

போதாது. வளர்ப்புத் தேனீ ஒரு கால்நடையைப் போன்றது. உலக அளவில் தேனீப் பெட்டிகளின் எண்ணிக்கை குறையவும் இல்லை. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனித்தனியே வாழ்பவை. ஏறத்தாழ 70 விழுக்காடு மண்ணில் துளையிட்டுக் கூடு அமைப்பவை. பூ குறைவான இடத்தில் பெட்டிகளைக் குவித்தால் தனித்து வாழும் அந்தத் தேனீக்களுக்குக் கிடைக்க வேண்டியதும் பறிபோகும். வெயில் படும் மண் ஒரு சாண் அகலமேனும் மூடாக்கோ சிமெண்டோ இல்லாமல் திறந்திருந்தால், அதுவே தேனீக்களுக்கான உதவி.

வீட்டிலிருந்தே எப்படிக் கணக்கெடுப்பது?

அரை மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள ஒரு பூக்கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மழையும் பலத்த காற்றும் இல்லாத நாளில் அதன்முன் பத்து நிமிடம் அமருங்கள். உங்கள் நிழல் பூவின்மேல் விழக் கூடாது. பூவில் வந்து அமரும் ஒவ்வொரு பூச்சியையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே பறந்து போனவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். மூன்றாம் நிமிடத்தில் ஒரு கோடு அசைவதைக் கண்டு உற்றுப் பார்த்தால், குளவியின் மஞ்சள் வரியை அணிந்த ஒரு சிறிய ஈ காற்றில் அசையாமல் நின்றுகொண்டிருக்கும். கொடுக்கும் கிடையாது, நான்கு சிறகும் கிடையாது. இரண்டே சிறகுகள், நெற்றியை நிறைக்கும் கண்கள். பல இனங்களில் அதன் புழு, செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினிகளைத் தின்றே வளர்கிறது. பூவின் காம்புக்குக் கீழே எறும்பு ஏறும். இதழின் மடிப்பில் கடுகளவு வண்டு ஒன்று மகரந்தம் பூசிக்கொண்டு கிடக்கும். பத்து நிமிடம் முடியும்போது, தினமும் கடந்து போன செடியை அன்றுதான் முதலில் பார்த்ததாகப் பலர் சொல்கிறார்கள்.

நாள், நேரம், வெயிலா மேகமூட்டமா, எந்தச் செடி, எத்தனை பூ மலர்ந்திருந்தது ஆகியவற்றைக் கட்டாயம் எழுதுங்கள். இடமும் முறையும் மாறாதிருந்தால்தான் இந்த ஆண்டை அடுத்த ஆண்டோடு ஒப்பிட முடியும். பிரிட்டனில் 1976 முதல் தன்னார்வலர்கள் ஒரே பாதையில் வாரந்தோறும் நடந்து பட்டாம்பூச்சிகளை எண்ணி வருவதும் இந்த எளிய ஒழுங்கில்தான்.

எனக்குப் பூச்சிகளின் பெயர் தெரியாதே?

தேவையில்லை. தேனீ, குளவி, ஈ, வண்டு, பட்டாம்பூச்சி, எறும்பு, மற்றவை என்று பிரித்தாலே பயன் உண்டு. படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளத்தில் ஏற்றினால் அறிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். பதிவும் ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேரும்.

இந்த ஆண்டு மிகக் குறைவாக இருக்கிறது. வீழ்ச்சி என்று முடிவு செய்யலாமா?

ஓராண்டை வைத்துச் செய்ய வேண்டாம். மழை தவறிய ஆண்டில் பாதியாகி, அடுத்த ஆண்டில் இரு மடங்காவது பூச்சிகளுக்கு வழக்கம். குறைந்தது பத்தாண்டுப் பதிவு இருந்தால்தான் ஏற்ற இறக்கத்துக்குள் மறைந்திருக்கும் போக்கு தெளிவாகும். அதனால்தான் தொடங்குவதைத் தள்ளிப் போடக் கூடாது.

தோட்டத்தில் உடனடியாக என்ன செய்யலாம்?

முதலில், தெளிப்பதை நிறுத்துங்கள். வேம்பு போன்ற இயற்கைப் பொருளில் செய்த மருந்தானாலும் நல்ல பூச்சி, கெட்ட பூச்சி என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அசுவினியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிட்டுச் சில நாள் பொறுத்தால் அதைத் தின்னும் பொறிவண்டு வந்து சேரும். இரண்டாவதாக, வெளிவிளக்கை அணையுங்கள். முடியாவிட்டால் மங்கலான மஞ்சள் விளக்காக மாற்றி, ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி போடுங்கள். செலவே இல்லாமல் அன்றிரவே பயன் தரும் மாற்றம் இது.

ஒரு மூலையை வெட்டாமலும் கூட்டாமலும் விடுங்கள். உதிர்ந்த சருகுக்குள் கூட்டுப்புழுக்கள் இருக்கும். அதை எரிப்பது அடுத்த பருவத்தின் பட்டாம்பூச்சிகளை எரிப்பதே. அந்த மண்ணுக்கு உரிய செடிகளை, ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதேனும் ஒன்று பூக்கும்படி நடுங்கள். மாடியில் நான்கு தொட்டிகள் மட்டுமே இருந்தாலும் அவற்றில் ஒன்றைப் புழுக்கள் தின்பதற்கென்றே வைக்கலாம்.

பத்து நிமிடம் அமர்ந்தும் ஒரு பூச்சிகூட வரவில்லை. அதைப் பதிவு செய்ய வேண்டுமா?

அவசியம் செய்ய வேண்டும். பலர் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, பூச்சி வந்த நாளை மட்டும் எழுதுகிறார்கள். அப்போது பதிவேட்டில் உண்மையைவிடக் கூடுதலான பூச்சிகள் பறக்கும், குறைவு கண்ணுக்குத் தெரியாது. நாளையும் நேரத்தையும் எழுதி, எதிரே சுழியம் என்று குறியுங்கள். அடுத்த வாரம் அதே நேரத்தில் அதே செடியின் முன் அமருங்கள்.